பஞ்சு குறைந்ததா, உறை தளர்ந்ததா?

பிளாஸ்டிக் சர்ஜனின் அறையில் ஒரு பெண் வாயால் சொல்வது ஒன்றாகவும், அவர் கைகள் காட்டுவது வேறாகவும் இருப்பதுண்டு. "கொஞ்சம் பெரிசாக்கணும் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு உள்ளங்கைகளையும் மார்பகங்களுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிக் காட்டுவார். "குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சு." வாய் கேட்பது இம்ப்ளான்ட். கை கேட்பதோ லிஃப்ட். முன்னது உள்ளே ஒரு பொருளை வைத்துப் பருமனைக் கூட்டும். பின்னது தளர்ந்த தோலை வெட்டிக் குறைத்து, இறங்கிய முலைக்காம்பை ஏற்றி அமைக்கும். சிலருக்கு முதலாவது போதும், சிலருக்கு இரண்டாவது போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும். யாருக்கு எது என்பதைத் தவறாகத் தீர்மானித்துவிட்டால், அதைச் சரிசெய்ய அந்தப் பெண் மறுபடியும் அறுவை மேசையில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணையைப் பாருங்கள். நாளாக நாளாகப் பஞ்சு அமுங்கி உறை தொய்கிறது. உறை நன்றாக இருந்தால் கொஞ்சம் பஞ்சைத் திணித்தால் தீர்ந்தது. உறையே நைந்து நீண்டுபோயிருந்தால் திணித்த பஞ்சும் அடியில் போய்த்தான் சேரும். உறையைப் பிரித்து, அளவெடுத்து, வெட்டித் தைத்தாக வேண்டும். மார்பகத்திலும் கேள்வி இதுதான்: பஞ்சு குறைந்ததா, உறை தளர்ந்ததா?

மார்பகம் என்பது பால்சுரப்பிகளும் கொழுப்பும் அவற்றுக்கிடையே ஓடும் மெல்லிய நார்களும் சேர்ந்த ஒன்று. அந்த நார்களை விரிவாக விவரித்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். 1840-ல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு அவை கூப்பர் நார்கள் என்றே அழைக்கப்படுகின்றன. மார்பகத்தைத் தாங்குபவை இந்த நார்களும் மேல்தோலும்தான். மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசை எதுவும் அதற்குள் இல்லை. மார்புத் தசை அதற்குப் பின்னால், விலா எலும்புகளின் மேல் படிந்திருக்கிறது. தண்டால் எடுத்தால் அந்தத் தசை வளரும். அதன்மேல் தொங்கும் தோலுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. இழுபட்டு நீண்ட நார்களைச் சுருக்கக்கூடிய களிம்போ எண்ணெயோ கிடையாது. இணையத்தில் அப்படிச் சொல்லி விற்பவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

இந்த இடத்தில் பழி ஒன்றைத் துடைத்தாக வேண்டும். பால் கொடுத்தால் மார்பகம் தொங்கிவிடும் என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. அந்தப் பயத்தில் பாலூட்டுவதைச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டகி பல்கலைக்கழகத்தில் பிரையன் ரிங்கரும் உடன் பணியாற்றியவர்களும், மார்பக அழகியல் அறுவைக்காக வந்த பெண்களிடமே இதை ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வயது, உடல் எடைக்கும் உயரத்துக்குமான விகிதம், எத்தனை முறை கருவுற்றார் என்பது, கருவுறுவதற்கு முன்பே மார்பகம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்குத் தளர்வோடு தொடர்பு இருந்தது. பாலூட்டியதற்குத் தொடர்பு இல்லை. கர்ப்ப காலத்தில் சுரப்பிகள் பெருகி, தோல் விரிந்து, பிறகு உள்ளே இருப்பது வற்றிப்போவதால் வரும் மாற்றம் அது. குழந்தை ஒரு வாய் பால்கூடக் குடிக்காவிட்டாலும் அது வரும். குழந்தைக்குப் பால் கொடுத்ததற்காக எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி அளவைக்கு வருவோம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய போல் ரெக்னோ என்ற பெண் மருத்துவர் 1976-ல் வகுத்துத் தந்த படிநிலைகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவர் அடையாளமாக எடுத்துக்கொண்டது மார்பகத்தின் அடிமடிப்பை. மார்பகம் எவ்வளவு இறங்கினாலும், அது நெஞ்சோடு ஒட்டும் அந்த மடிப்பு பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. பெண் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டிருக்கும்போது, முலைக்காம்பு அந்த மடிப்பின் மட்டத்துக்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டும். மட்டத்திலோ அதற்குக் கீழே 1 செ.மீ.க்குள்ளோ இருந்தால் முதல் நிலை. 1 முதல் 3 செ.மீ. வரை இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை. 3 செ.மீ.க்கும் கீழே போய், மார்பகத்தின் ஆகத் தாழ்ந்த விளிம்பில் தரையைப் பார்த்தபடி இருந்தால் மூன்றாம் நிலை. முலைக்காம்பு மடிப்புக்கு மேலேயே இருக்க, மார்பகத்தின் சதை மட்டும் வழிந்து இறங்கியிருப்பதும் உண்டு. அதைப் போலித் தளர்வு என்று தனியாகப் பிரித்தார் ரெக்னோ. மார்பகத்துக்கு அடியில் பென்சிலை வைத்துப் பார்க்கும் வீட்டுச் சோதனை முலைக்காம்பின் மட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முழுமையான மார்பகம் இருந்தாலே பென்சில் விழாமல் நிற்கும்.

முதல் நிலையிலும் போலித் தளர்விலும், உறையின் தொய்வு கொஞ்சமாக இருந்தால், இம்ப்ளான்ட் மட்டுமே அதை நிரப்பிவிடக்கூடும். மூன்றாம் நிலையில் லிஃப்ட் இல்லாமல் தீராது. சிக்கல் முழுவதும் இரண்டாம் நிலையில்தான். ஒரே பெண்ணைப் பார்த்து, "இம்ப்ளான்ட் போதும்" என்று ஒரு மருத்துவரும், "லிஃப்ட்டும் வேண்டும்" என்று இன்னொருவரும் சொல்வது இங்கேதான் நடக்கிறது. முரண்பட்ட அந்த யோசனைகளைக் கேட்டுக் குழம்பும் பெண் தவறான இடத்துக்குப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். எல்லைக்கோட்டில் நிற்கும் உடலைப் பற்றி நேர்மையான இருவரும் வேறுபடலாம்.

அதனால்தான் முலைக்காம்பின் மட்டத்தோடு மருத்துவர் நிறுத்துவதில்லை. முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தோலை விரலால் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார்: எத்தனை செ.மீ. வருகிறது, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா? தோலை நன்றாக நீட்டிப் பிடித்து, முலைக்காம்பிலிருந்து அடிமடிப்பு வரை டேப் வைத்து அளப்பார். இந்த நீளம் கூடக்கூட உறையில் மிச்சம் அதிகம் என்று பொருள். வரிவரியாகத் தோல் வெடித்த கோடுகள் இருந்தால், மீள்சக்தியை அந்தத் தோல் ஏற்கெனவே இழந்துவிட்டது. இடமும் வலமும் வேறுபடுவது மிகச் சாதாரணம் என்பதால், ஒரு பக்கத்துக்கு மட்டும் லிஃப்ட் தேவைப்படுவதும் உண்டு.

இத்தனை அளவைகளுக்கும் முன்பாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பெண்ணே தன் அறையில் கேட்டுக்கொள்ளலாம். பிரா அணிந்திருக்கும்போது நிறைவாக இருக்கிறதா? பேட் இல்லாத பிரா மார்பகத்தை ஏற்றிப் பிடிக்கிறதே தவிர, பருமனைக் கூட்டுவதில்லை. அணிந்தபோது திருப்தியும் கழற்றினால் வருத்தமும் என்றால் உள்ளே இருப்பது போதுமானது. அவருக்கு லிஃப்ட் மட்டுமே போதும். இம்ப்ளான்ட்டே வேண்டாம். அணிந்தும் கோப்பை நிரம்பாமல் மேல்பாகம் காலியாகக் கிடந்தால்தான் பருமனைப் பற்றிப் பேச வேண்டும். லிஃப்ட் மட்டும் செய்துகொள்பவருக்கு மேல்பாகம் நிரந்தரமாக நிரம்பி நிற்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் லிஃப்ட்டுக்குத் தயங்கக் காரணம் தழும்பு. தயக்கம் நியாயமானது. இம்ப்ளான்ட்டுக்கு அடிமடிப்பில் மறையும் சிறு கோடு போதும். லிஃப்ட்டின் தழும்பு மார்பகத்தின் முகப்பிலேயே விழும். சிறிதளவே ஏற்ற வேண்டுமானால், கருவட்டத்தைச் சுற்றி ஒரு வளையம். அதற்கு மேல் என்றால் வளையத்தோடு கீழ்நோக்கி ஒரு கோடும் சேர்ந்து குச்சி மிட்டாய் வடிவம். அதிகத் தளர்வுக்கு, அடிமடிப்பிலும் ஒரு கோடு சேர்ந்து நங்கூர வடிவம். நங்கூர முறைக்கான வரைபடத்தை 1956-ல் தந்த ராபர்ட் வைஸ், பிரா தைப்பவர்கள் துணி வெட்டும் அச்சிலிருந்து அதை உருவாக்கினார். தட்டையான துணியைக் கூம்பாக்க என்ன வெட்ட வேண்டும் என்பது தையல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்.

தழும்பைத் தவிர்க்க நினைக்கும்போதுதான் பெரிய தவறு நேர்கிறது. "லிஃப்ட் வேண்டாம், கொஞ்சம் பெரிய இம்ப்ளான்ட்டாக வைத்தால் தோல் நிரம்பிவிடுமே" என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். சிலிகோன் ஜெல்லின் எடை ஏறக்குறைய தண்ணீரின் எடைதான். 300 மி.லி. இம்ப்ளான்ட் என்றால் ஒரு பக்கத்துக்குக் கால் கிலோவுக்கு மேல், இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டும். தன் சொந்த எடையையே தாங்க முடியாமல் தளர்ந்த தோலில் இந்தச் சுமையையும் ஏற்றுகிறோம். முதல் சில மாதங்களுக்கு அது நிமிர்ந்து தெரியும். பிறகு தோல் இன்னும் நீளும், முலைக்காம்பு இன்னும் இறங்கும். அப்போது செய்யவேண்டிய லிஃப்ட், ஆரம்பத்தில் தேவைப்பட்டதைவிடப் பெரிதாக இருக்கும். தவிர்க்க நினைத்த தழும்பு நீளமாகவே வந்து சேரும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. இம்ப்ளான்ட்டை மார்புத் தசைக்கு அடியில் வைத்தால் அது மேலேயே நின்றுகொள்ளும். தளர்ந்த மார்பகமோ அதன்மேல் வழிந்து கீழே தொங்கும். பாறை மீது அருவி விழுவதுபோலத் தெரிவதால் இதை அருவிக் குறை என்கிறார்கள். டாலஸ் நகர மருத்துவர் ஜான் டெபெட்ஸ் 2001-ல் விவரித்த இரட்டைத் தள முறை இதற்கு ஓரளவு மாற்று: இம்ப்ளான்ட்டின் மேல்பாதியைத் தசை மூடும், கீழ்ப்பாதி நேரடியாக மார்பகத் திசுவைத் தொட்டு நிரப்பும். லேசான தளர்வுக்கு இது கைகொடுக்கும். கடுமையான தளர்வுக்கு லிஃப்ட்டின் இடத்தை எந்தத் தள மாற்றமும் பிடிக்காது.

இரண்டும் தேவை என்று முடிவானால், ஒரே அமர்விலா இரண்டு அமர்வுகளிலா என்ற கேள்வி வருகிறது. இந்த இரண்டு அறுவைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இம்ப்ளான்ட் தோலை உள்ளிருந்து தள்ளி விரிக்கிறது. லிஃப்ட் அதே தோலைக் குறைத்து இறுக்குகிறது. முலைக்காம்புக்கு ரத்தம் வரும் பாதையின் ஒரு பகுதியை லிஃப்ட் வெட்டுகிறது. மிச்சமிருக்கும் பாதையை இம்ப்ளான்ட் அழுத்துகிறது. இதனால்தான் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்பியர் 2003-ல் இந்தக் கூட்டு அறுவையைப் பற்றித் தன் சக மருத்துவர்களை எச்சரித்து எழுதினார். புகைப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். நிக்கோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கும். தோல் கருகுவது, தையல் பிரிவது, முலைக்காம்பே அழுகுவதுவரை போகலாம்.

ஒரே அமர்வில் செய்யும் மருத்துவர்கள் பலர் முதலில் இம்ப்ளான்ட்டை வைத்துவிட்டு, மிச்சத் தோலை மடித்துத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கிறார்கள். ரவிக்கையை அளவு பார்க்கத் தையல்காரர் போடும் ஓட்டுத் தையலேதான். மயக்கத்தில் இருக்கும் பெண்ணை மேசையோடு உட்காரும் நிலைக்கு நிமிர்த்தி, தள்ளி நின்று பார்த்து, திருத்தி, அதற்குப் பிறகே கத்தியை எடுக்கிறார்கள். தளர்வு மிக அதிகமானால் லிஃப்ட்டை முதலில் முடித்துவிட்டு, சில மாதங்கள் ஆறவிட்டு இம்ப்ளான்ட் வைப்பது பாதுகாப்பானது என்பது பலருடைய அனுபவம். இரண்டு மயக்க மருந்து, இரண்டு செலவு என்பது உண்மைதான். என்றாலும், லிஃப்ட் முடிந்த பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இதுவே போதும்" என்று சொல்லும் வாய்ப்பை அந்த இடைவெளி அந்தப் பெண்ணுக்குத் தருகிறது. எனக்கு அது பெரிய லாபமாகவே படுகிறது.

ஏனென்றால் இம்ப்ளான்ட் ஒருமுறை வைத்து மறந்துவிடும் பொருளல்ல. டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் தாமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் முதல் சிலிகோன் ஜெல் இம்ப்ளான்ட்டைப் பொருத்தியது 1962-ல். அதற்குப் பிறகு, பிரான்சின் பிப் நிறுவனம் மருத்துவத் தரமற்ற சிலிகோனை அடைத்து விற்றது 2010-ல் வெளிப்பட்டது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்களோடு அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று தொடர்புபட்டிருப்பது தெரிந்ததால், 2019-ல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இம்ப்ளான்ட்கள் ஆயுளுக்கும் நிலைப்பவை அல்ல என்பதை ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் விளக்கிக் கையெழுத்து பெற வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் கட்டாயமாக்கியது. 30 வயதில் வைத்துக்கொள்பவர் வாழ்நாளில் ஒரு மாற்று அறுவையையாவது எதிர்பார்த்திருக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் பொறுத்திருப்பதே நல்லது. அடுத்த கர்ப்பம் இந்த அளவுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் அறுவைகளை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, அரசுப் பணத்தில் இது தேவையா என்று சிலர் கேட்டார்கள். உடலைப் பற்றிய வருத்தம் பணம் உள்ளவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல. இலவசமோ பல லட்சமோ, எந்த மருத்துவமனையிலும் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவேண்டியது ஒன்று உண்டு: அவரை நிற்கவைத்து, டேப்பை எடுத்து, என்ன செய்யப்போகிறோம், தழும்பு எங்கே விழும் என்று அவர் உடல்மீதே மை போட்டு வரைந்து காட்டும் மருத்துவர். படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து எல்லா அளவும் பொய்யாகும் என்பதால், இந்தக் கோடுகளை நிற்கவைத்துத்தான் வரைய முடியும்.

நம்முடையதைப் போன்ற மாநிறத் தோலுக்குத் தழும்பு தடித்துக் கறுப்பதற்கான வாய்ப்பு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல். யாருக்கு அப்படி ஆகும் என்பதற்கான துப்பு அவரவர் உடலிலேயே இருக்கிறது. அனுபவமுள்ள மருத்துவர் தேதி குறிப்பதற்கு முன் காது குத்திய இடத்தைப் பார்ப்பார். பிறகு சிசேரியன் தழும்பைக் காட்டச் சொல்வார். அது மெல்லிய வெளிர்கோடாக ஆறியிருக்கிறதா, கயிறுபோலத் தடித்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான், லிஃப்ட்டைப் பற்றிய பேச்சை மறுபடி எடுப்பார்.