சாய்ந்து நின்ற வண்டி

கொல்கத்தாவிற்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் கரையோரம் உத்தரபாரா என்னும் ஊர் உள்ளது. அம்பாசிடர் மகிழுந்துகள் அங்கிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில்தான் உருவாயின. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த உற்பத்தி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. அமைச்சர்கள் சென்ற வெள்ளை வண்டியும் கொல்கத்தாவின் மஞ்சள் வாடகை வண்டியும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

எங்கள் வீட்டிலும் ஓர் அம்பாசிடர் இருந்தது. என் தந்தையார் பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தாவிற்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகள் கழிந்தபின், பிறர் ஓட்டிய பழைய வண்டியாக அதனை வாங்கினார். இயந்திரம் நன்றாக இருந்தது. ஆனால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் வலப்பக்கமே தாழ்ந்திருந்தது. அந்தச் சாய்வின் காரணத்தைத் தேடிய கதையே இப்பாடம்.

சாலையின் மேடுபள்ளங்களைச் சக்கரம் உணரும். உள்ளே இருப்பவர் உணரக் கூடாது. அதற்காகச் சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அமைந்த ஏற்பாட்டைச் சஸ்பென்ஷன் என்பர். தமிழில் தாங்கமைப்பு எனலாம். பழைய அம்பாசிடரின் பின்பகுதியை இரண்டு பட்டை வில்கள் தாங்குகின்றன. நீண்டும் குறுகியும் உள்ள எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கட்டு அது. வடநாட்டுப் பட்டறைகளில் இதனைக் கமானி என்பர்; நீங்களும் அச்சொல்லைக் கேட்டிருக்கலாம். முன்பகுதியில் வில்லே கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஒரு நேரான எஃகுத் தண்டு, வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கி ஓடுகிறது. அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடும், மறுமுனை வண்டியின் அடிப்பகுதியோடும் பிணைந்திருக்கும். சக்கரம் மேலெழும்போது தண்டு முறுகும். முறுகிய தண்டு பழைய நிலைக்குத் திரும்ப முயலும். ஈரத்துணியைப் பிழியும்போது அது உங்கள் கையை எதிர்த்துத் திரும்புவதுபோன்ற செயல்தான். இதற்கு முறுக்குத் தண்டு என்று பெயர். தண்டின் பிணைப்பைச் சற்றுத் திருப்பி வைத்தால் வண்டியின் அந்த மூலை உயரும் அல்லது தாழும்.

இவ்வசதியே எங்களை ஏமாற்றியது. தந்தையார் முதலில் நாடிய பட்டறையில், வலப்புற முன் தண்டைத் திருப்பி அந்த மூலையை உயர்த்தினர். அரை நாளில் வேலை முடிந்தது. வண்டி இடவலமாக மட்டமாகவே நின்றது. மூக்கு மட்டும் சற்று மேலே தூக்கியிருந்தது. அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு மழைநாள் மாலையில் தந்தையார் தடையை அழுத்தியபோது, வண்டி நேராக நில்லாமல் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. நம் நாட்டில் எதிர்வரும் வண்டிகள் நமக்கு வலப்பக்கமாகவே வருகின்றன. அன்று எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் ஒதுங்கிக் கொடுத்ததனால் தப்பினோம். பின்னிருக்கையில் நானும் என் தங்கையும் இருந்தோம்.

பார்வைக்கு மட்டமாக நின்ற வண்டி ஏன் அவ்வாறு இழுத்தது? இதனை அறிய ஒரு மேசையை எண்ணிப் பாருங்கள். நான்கு கால்களுள் வலப்புறப் பின்கால் குட்டையானது எனக் கொள்வோம். மேசை எதன்மேல் நிற்கும்? வலப்புற முன்காலிலும் இடப்புறப் பின்காலிலும் நிற்கும். குட்டைக் காலும், அதற்கு மூலைவிட்டத்தில் எதிரேயுள்ள இடப்புற முன்காலும் எடையின்றி ஆடும். இப்போது சாய்வைப் போக்குவதாக எண்ணி வலப்புற முன்காலின் அடியில் ஓர் அட்டையைச் செருகினால் என்ன ஆகும்? முன்பே எடை சுமந்த கால் இன்னும் சுமக்கும். எடையற்ற கால்கள் இன்னும் வெறுமையாகும். எங்கள் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. இடப்புற முன்சக்கரம் சாலையை மெல்லத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. ஈரச்சாலையில் தடையிட்டதும் அது பிடிப்பிழந்து வழுக்கிற்று. எடை மிகுந்த வலச்சக்கரம் மட்டும் பற்றி நின்று, வண்டியைத் தன் பக்கம் திருப்பிற்று.

அடுத்து வண்டியைப் பார்த்தவர் முதிய மிஸ்திரி ஒருவர். முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. பட்டறையார் திருப்பி வைத்த தண்டை மட்டும் பழைய இடத்திற்கே மீட்டு வைத்தார். பழைய குறையின்மேல் புதிய குறை ஒன்றும் ஏறியிருந்தால் இரண்டுமே புலப்படா என்பது அவர் கருத்து. தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. பணம் கொடுத்து நிமிர்த்திய வண்டி மீண்டும் சாய்ந்துவிட்டதே!

பின்னர் அவர் தரையைச் சோதித்தார். கட்டடத் தொழிலாளர் பயன்படுத்தும் நீர் நிரம்பிய ஒளிபுகு குழாயை நான்கு சக்கரங்களின் அருகிலும் பிடித்து, தரை மட்டமானதா என்று பார்த்தார். தரை சாய்ந்திருக்க வண்டியைக் குறை கூறுதல் முறையன்று. டயர்கள் நான்கும் ஒரே அளவுடையனவா, இருபுறமும் காற்றழுத்தம் சமமா என்பவற்றையும் நோக்கினார். பின்பெட்டியில் கிடந்த பொருள்களையெல்லாம் இறக்கச் செய்தார். வண்டியைச் சில அடி தொலைவு முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் கையால் அழுத்தி விட்டார். ஓரிடத்தில் அசையாது நிற்கும் வண்டியின் டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு, உடலை உண்மையான உயரத்திற்கு வரவிடாமல் தடுக்கும். அதனால்தான் இந்த உருட்டல்.

அளந்த முறையும் குறிப்பிடத்தக்கது. தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். ஆகவே அவர் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து, அதற்கு நேர்மேலே உள்ள உடல் விளிம்பு வரை அளந்து, சுண்ணக்கட்டியால் தரையிலேயே எழுதினார். நான்கு எண்களும் வெவ்வேறாக இருந்தன. நான்கு வில்களும் பழுதா என்று தந்தையார் கவலையுற்றார்.

அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. நான்கு வில்களும் ஒத்த வலிமை உடையவை என வைத்துக்கொண்டு ஒரு கணக்குச் செய்வோம். வலப்புறப் பின்வில் மட்டும் 40 மி.மீ. தளர்ந்ததாகக் கொள்க. அந்த மூலை 40 மி.மீ. முழுவதும் தாழாது, 30 மி.மீ. தாழும். அதன் இருபுறமும் உள்ள மூலைகள், அதாவது வலப்புற முன்மூலையும் இடப்புறப் பின்மூலையும், 10 மி.மீ. வீதம் தாழும். எதிர்மூலையான இடப்புற முன்மூலையோ 10 மி.மீ. உயரும். குறை ஒன்று; மாறிய அளவுகள் நான்கு. முன்பக்கத்தில் இடத்திற்கும் வலத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுங்கள்: 20 மி.மீ. பின்பக்கத்திலும் அதே 20 மி.மீ. தான். சாய்வு இருபுறமும் ஒன்றாகவே தோன்றுவதால், குறை முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று கண்ணால் கண்டு கூற இயலாது.

இதற்கு அந்த முதியவர் செய்த சோதனை மிக எளியது. முன்சக்கரங்களின் முன்னும் பின்னும் மரக்கட்டைகளை இறுக்கமாக வைத்தார். கைத்தடை பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. பிறகு பின் அச்சின் நடுவே பருத்திருக்கும் பகுதிக்கு அடியில் ஜாக்கியை வைத்து, பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு விரல் எழும் வரை உயர்த்தினார். வண்டியின் அடியில் எவரும் புகவில்லை; எங்களைத் தொலைவில் நிறுத்தினார். இப்போது வண்டி முன்னே இரு சக்கரங்களிலும் பின்னே ஒரே புள்ளியிலும் நின்றது. ஒற்றைப் புள்ளியில் தாங்கப்பட்ட பின்பகுதி தராசுக்கோல்போல எப்பக்கமும் சாயும். முன்பகுதியை எப்பக்கமும் சாய்க்க அதனால் இயலாது. முன்பகுதி இனித் தன் வில்களை மட்டுமே நம்பி நிற்கும். முக்காலி ஆடாமல் நிற்பதன் காரணத்தை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

முன்பகுதி மெல்ல நிமிர்ந்தது. இடமும் வலமும் ஏறத்தாழச் சமமாயின. முன் தண்டுகள் குற்றமற்றவை என்பது அந்த நொடியில் உறுதியாயிற்று.

பின்னர்ப் பின்பகுதியை இறக்கி, முன்பகுதியை நடுவில் தூக்கினார். பின்பகுதியின் சாய்வு மறையவில்லை, முன்னைவிட மிகுந்தது. அதுவரை நல்ல நிலையிலிருந்த முன் தண்டுகள் அச்சாய்வில் ஒரு பகுதியைத் தடுத்துக் கொண்டிருந்தன. அவற்றின் உதவி நீங்கியதும் குறை முழு உருவில் வெளிப்பட்டது. நம் கணக்கின்படி 20 மி.மீ. என்பது 40 மி.மீ. ஆகும்.

குறை பின்னே என்று தெரிந்தபின்பும் காரணம் பலவாகலாம். பட்டை நாள்பட்டு வளைவிழந்திருக்கலாம். வில்லின் முனைகளைப் பிடிக்கும் ரப்பர்ப் புஷ்கள் தேய்ந்திருக்கலாம். அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். ஆதலால் வில் மாட்டிய இடத்தின் தகடு துருப்பிடித்து உள்வாங்கினாலும் அந்த மூலை தாழும். ஐயம் தீராவிடில் இடவில்லையும் வலவில்லையும் இடம் மாற்றி மாட்டிப் பார்ப்பர். சாய்வு வில்லோடு சேர்ந்து இடப்பக்கம் சென்றால் வில்லில் குறை. வலப்பக்கமே தங்கினால் உடலில் குறை. அதிர்வுதாங்கியை மாற்றினால் சரியாகும் என்று பலர் கூறுவர். அம்பாசிடரின் எண்ணெய் அதிர்வுதாங்கி ஆட்டத்தை அடக்குமேயன்றி எடையைச் சுமப்பதில்லை. அதற்குச் செலவிடும் பணம் வீண்.

எங்கள் வண்டியில் அத்தனை தேட நேரவில்லை. வலப்புறக் கட்டைப் பிரித்தபோது, சேறு படிந்த பிடித்தகட்டின் அடியில், இரண்டாம் பட்டை நடுவே முறிந்திருந்தது. முறிந்த முகம் முழுதும் பழந்துரு ஏறியிருந்தது. நாங்கள் வாங்கும் முன்பே முறிந்த பட்டை அது. இருபுறக் கட்டுகளையும் சேர்த்தே சீர்செய்தார். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக விட்டால் சாய்வு பக்கம் மாறி வரும். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை முழுவதும் சக்கரங்களின்மேல் அமர்ந்த பிறகே புஷ்களின் திருகாணிகளை இறுதியாக இறுக்கினார். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகி நின்று தானும் ஒரு வில்லாகி, உயரத்தைப் பொய்யாகக் காட்டும். விரைவில் கிழிந்தும் போகும்.

மீண்டும் உருட்டி, மீண்டும் அளந்தார். தரையில் எழுதிய பழைய எண்களின் அருகே புதிய எண்களை எழுதிவிட்டு, சுண்ணக்கட்டியைத் தந்தையாரிடம் கொடுத்தார். அடுத்த மழைக்குப் பின் தந்தையார் ஆளில்லாத சாலை ஒன்றில் வண்டியை ஓட்டித் தடையிட்டுப் பார்த்தார். அன்று அவர் எங்களை உடன் அழைத்துச் செல்லவில்லை. திரும்பி வந்தவர், மறுநாள் காலையில் எங்களைப் பள்ளிக்கு வண்டியிலேயே கொண்டு விடுவதாக அம்மாவிடம் கூறினார்.

பயிற்சி

1. தரையிலிருந்து அளக்காமல் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளந்தது ஏன்?

2. பட்டறையார் செய்த பழுதுநீக்கத்தால் வண்டி மட்டமாக நின்றும் ஆபத்து மிகுந்தது எவ்வாறு? மேசை உவமையைக் கொண்டு உம் சொற்களில் எழுதுக.

3. ஒரு வண்டியில் நான்கு மூலைகளும் 400 மி.மீ. இருக்க வேண்டும். அளந்தபோது இடப்புற முன்மூலை 370, வலப்புற முன்மூலை 390, இடப்புறப் பின்மூலை 390, வலப்புறப் பின்மூலை 410 மி.மீ. என இருந்தன. எம்மூலையில் குறை உள்ளது? பின் அச்சை நடுவில் தூக்கினால் முன்பகுதியின் சாய்வு மறையுமா, மிகுமா?

4. உம் வீட்டில் பேசும் தமிழிலும் நீவிர் வாழும் ஊரின் மொழியிலும் வண்டியின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களுள் ஐந்தைக் கேட்டறிந்து எழுதுக.