ஹார்ட் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, அப்புறமும் நெஞ்சு இறுகுதே?



குழுக் கூட்டத்தில் வரவு செலவு எழுதி முடித்த பிறகு, ஓரமாகக் கூப்பிட்டு உறுப்பினர்கள் எங்களிடம் கேட்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. "கயிறு போட்டு இறுக்குற மாதிரி நெஞ்சு பிடிக்குது. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லைங்கிறாங்க. வீட்டுல நான் நடிக்கிறேன்னு பேச்சு." சிலர் சங்கக் கடன் வாங்கி, அதே டெஸ்டை வேறு ஆஸ்பத்திரியில் திரும்பவும் எடுக்கிறார்கள். காசுதான் போகிறது, இறுக்கம் போகவில்லை.

"ஒண்ணுமில்லை" என்றால் அந்த டெஸ்டில் கோளாறு தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வலி பொய் என்று அர்த்தம் இல்லை. நெஞ்சுக்குள் இதயம் மட்டுமா இருக்கிறது? நுரையீரல், உணவுக்குழாய், விலா எலும்பு, தசை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். இரைப்பையில் இருக்கும் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறினால் நெஞ்சு எரியும். சிலருக்கு எரிச்சலே இருக்காது, இறுக்கம் மட்டும் இருக்கும். நம் பெண்கள் வேலையெல்லாம் முடித்து ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறார்கள். பகலில் பட்டினி, நடுவில் நாலு டீ. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வயிற்றைப் புண்ணாக்கும். படுத்தாலோ குனிந்தாலோ இறுக்கம் கூடுகிறதா, புளிச்ச ஏப்பம் வருகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது மூச்சு. ஆஸ்துமா என்றால் இழுப்பு சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. விடியற்காலை நெஞ்சு இறுக்கமும் வறட்டு இருமலுமாக மட்டும் கூட வரலாம். வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகையில் நின்றவர்கள், பஞ்சு மில், மிளகாய் மில் தூசியில் வேலை பார்த்தவர்கள் இதை டாக்டரிடம் தானாகவே சொல்ல வேண்டும். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்டில் இது தெரியும். இ.சி.ஜி.யில் தெரியாது.

ரத்தசோகையிலும் படபடப்பு, மேல்மூச்சு வரும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். விலா எலும்பு மூட்டு வீங்கியிருந்தால், விரலால் அமுக்கும்போது அதே இடத்தில் வலிக்கும்.

கவலையாலும் நெஞ்சு இறுகும். திடீரென்று வந்து, சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போகும். கை மரத்துப் போகும், செத்துவிடுவோமோ என்று பயம் வரும். தவணை நெருங்கும் வாரத்தில் அடிக்கடி வருகிறதா, பாருங்கள். இது பைத்தியம் இல்லை, நடிப்பும் இல்லை, சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஆனால் மற்றதைப் பார்க்காமலே "டென்ஷன்" என்று சீட்டு எழுதி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதயத்தையும் அடியோடு விட்டுவிடக் கூடாது. பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழாய்கள் சரியாக விரியாமலும் இறுக்கம் வரும். பெண்களுக்குத்தான் இது அதிகம். ஆஞ்சியோகிராமே நன்றாக இருந்தாலும் இது இருக்கலாம். நடக்கும்போது, குடம் தூக்கும்போது வந்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால், சுகர், பி.பி. இருப்பவர்கள் முக்கியமாக, இதய டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டருக்கு நேரம் குறைவு. அதனால் பத்து நாள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன வேலை, கடைசியாக என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் இருந்தது, எதனால் குறைந்தது. எழுத வராதவர்கள் பிள்ளையிடமோ ஊக்குநரிடமோ சொல்லி எழுதுங்கள். பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் எடுத்துப் போங்கள். "இதயம் இல்லைன்னா வேற எதுவா இருக்கலாம் டாக்டர்? அடுத்து எதைப் பார்க்கணும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இறுக்கம் வழக்கத்தை விடக் கடுமையாக வந்தாலோ, தாடை, தோள், கைக்குப் பரவினாலோ, குளிர்ந்த வேர்வை, மயக்கம், மூச்சுத் திணறல் சேர்ந்தாலோ, போன மாதம் ரிப்போர்ட் நன்றாக இருந்ததே என்று காத்திருக்க வேண்டாம். சோடா குடித்துப் பார்க்கவும் வேண்டாம். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.