ஒரு தட்டு, ஆறு அசைவுகள்

இட்லி ஸ்டாண்டின் மேல்தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். வராது, நடுத்தண்டு விடாது. கீழே அழுத்தினாலும் இறங்காது; இடையில் இருக்கும் குழாய்த்துண்டு தாங்கிக்கொள்ளும். ஆனால் திருப்பினால் திரும்பும். அப்படித் திருப்ப முடிவதால்தான் மேல்தட்டின் குழி கீழ்த்தட்டு இட்லியின் தலையில் இடிக்காமல் தள்ளி வைக்க முடிகிறது.

இதே ஸ்டாண்டை, கணினியில் பாகங்களை வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருளில் பூட்டுவோம். திரையில் கொண்டுவந்து போட்ட தட்டு அந்தரத்தில் நிற்கும். மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். மொத்தம் ஆறு அசைவுகள். தண்டை அசையாமல் நிறுத்திவிட்டு, தட்டின் துளையும் தண்டும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் இப்படிப் பாகங்களைப் பொருத்தும் கட்டுப்பாட்டுக்கு மேட் என்று பெயர்; இது கான்சென்ட்ரிக் மேட். இந்த ஒன்றே நான்கு அசைவுகளைப் பறித்துவிடும். மிச்சம் இரண்டு: தண்டோடு ஏறி இறங்குவது, தண்டைச் சுற்றுவது.

அடுத்து, தட்டின் அடிப்பரப்பு குழாய்த்துண்டின் மேல் உட்காரட்டும் என்கிறோம். பரப்போடு பரப்பு ஒட்டும் இந்த மேட் தனியாக இருந்தால் மூன்று அசைவுகளைப் பறிக்கும். நான்கும் மூன்றும் ஏழு, இருந்ததோ ஆறு. கணக்கு எங்கே இடிக்கிறது? தட்டு இரண்டு பக்கங்களிலும் சாயக் கூடாது என்று தண்டு முன்பே சொல்லிவிட்டது, பரப்பும் அதையே திரும்பச் சொல்கிறது. புதிதாகப் போனது ஏற்ற இறக்கம் மட்டும்தான். ஆகவே சுழற்சி மிஞ்சுகிறது.

இரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசும்வரை வம்பில்லை. துளையை ஒரு நூலளவு சாய்வாக வரைந்திருந்தால் தண்டு ஒன்று சொல்லும், பரப்பு வேறொன்று சொல்லும்; மென்பொருள் பிழை காட்டி நின்றுவிடும். சமையலறையில் இந்தத் தகராறு வராததற்குக் காரணம், நிஜத் துளை தண்டைவிடக் கொஞ்சம் பெரிது. கணினிக்கு அந்தத் தளர்ச்சி தெரியாது.

மவுஸால் தட்டை இழுக்கும்போது உள்ளே நடப்பது வேறு கதை. மேட்கள் சொல்லும் எல்லாக் கட்டுப்பாடுகளும் சமன்பாடுகளாக மாறுகின்றன. உங்கள் இழுப்பு வெறும் விருப்பம். சமன்பாடுகள் ஒப்புக்கொள்ளும் நிலைகளில் அந்த விருப்பத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத் தீர்ப்பான் (சால்வர்) நிரல் தேடிப் பிடிக்கிறது. கட்டுப்பாடு சொல்லிப் படம் வரையும் இந்த யோசனை, எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் 1963இல் செய்துகாட்டிய ஸ்கெட்ச்பேடிலேயே இருந்தது. இன்றைய வேடிக்கை என்னவென்றால், டசோ நிறுவனத்தின் சாலிட்வொர்க்ஸுக்குள் சமன்பாடுகளைத் தீர்க்கும் வேலையைச் செய்வது அதன் போட்டியாளரான சீமென்ஸுக்குச் சொந்தமான டி-க்யூப்ட் நிரல். சில சமயம் தட்டு தலைகீழாகக் கவிழ்ந்து உட்காரும். குழி கீழே பார்த்தாலும் சமன்பாடுகள் பொருந்துகின்றனவே! மேட்டின் திசையை மாற்றினால் நிமிர்ந்துவிடும்.

இனி இடம் மாற்றுவது. சாலிட்வொர்க்ஸில் பாகத்தின் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் இன்னும் ஏதோ ஓர் அசைவு பாக்கி இருக்கிறது, தாராளமாக இழுக்கலாம். கண்ணளவு போதாது என்றால் இரண்டு தட்டுகளுக்கும் இடையே ஒரு கோண மேட் போடுங்கள். தட்டுக்கு நான்கு குழி என்றால் 45 பாகை கொடுத்தால் குழி சரியாக இடைவெளிக்கு மேலே வரும். பின்னால் மாற்ற வேண்டுமானால் எண்ணைத் திருத்தினால் போதும்.

அடியில் இருப்பதைப் பார்க்கத் தட்டைச் சற்று ஒதுக்க வேண்டுமா? இன்வென்டர் என்ற இன்னொரு கேட் மென்பொருளில் ஃப்ரீ மூவ் என்ற கட்டளை உண்டு. கட்டுப்பாடுகளை மீறித் தட்டு வெளியே வரும், அப்டேட் கொடுத்ததும் பழைய இடத்துக்கே ஓடிவிடும். சாலிட்வொர்க்ஸில் மேட்டை சப்ரெஸ் செய்து, அதாவது தற்காலிகமாக முடக்கி, பிறகு மீட்கலாம். அவசரத்தில் மேட்டையே அழிப்பவர்கள் அதிகம். அழித்ததைத் திரும்பப் போடும்போது எந்தப் பரப்பு எதனோடு ஒட்டியிருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அதைவிட மோசம், மேட் போடச் சோம்பி எல்லாப் பாகத்தையும் ஃபிக்ஸ் செய்து, அதாவது இருந்த இடத்திலேயே அசையாமல் நிறுத்தி, வைப்பது. திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். நாளைக்குக் குழாய்த்துண்டின் உயரத்தைக் கூட்டினால் தட்டு மேலே ஏறாது, குழாய் தட்டைத் துளைத்துக்கொண்டு நிற்கும். வடிவமைப்பு முடியும்வரை அசையாமல் நிறுத்த வேண்டியது தண்டு ஒன்றைத்தான்.