வாப்பாவின் ஹொண்டாவும் எட்டில் ஒரு பங்கும்

கல்முனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 1979இல் வாப்பா வாங்கியது. வீட்டுக்கு வருபவர்கள், "இது இன்னும் ஓடுதா?" என்று கேட்காமல் போவதில்லை. ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால், அதை மறுபடியும் ஓட வைப்பதற்கு முன்னர் எங்கள் குடும்பம் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. சகோதரிகளுக்கு அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வாப்பா ஆசிரியர். தூரத்துப் பாடசாலைக்கு அந்த வண்டியில்தான் போய் வந்தார். சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் பழைய சாரன் துண்டால் அதைத் துடைப்பார். டயரை அழுத்திப் பார்ப்பார். ஒயில் மாற்றிய திகதி, பிளக் மாற்றிய திகதி எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வைப்பார். "எனக்குத் தலையிடி வந்த திகதிய எங்கயாவது எழுதி வெச்சிருக்காரா?" என்று உம்மா பகிடி பண்ணுவா.

அந்த வண்டியின் வகைக்கு சூப்பர் கப் என்று பெயர். 1958 ஆகஸ்ட்டில் ஜப்பானில் முதலில் வெளிவந்தது. பொறியியலைக் கவனித்தவர் சொய்ச்சிரோ ஹொண்டா. வியாபாரத்தைக் கவனித்தவர் தக்கேயோ புஜிசாவா. நூடில்ஸ் தட்டைக் கையில் ஏந்திக் கொண்டு போகும் கடைப் பையனும் ஒரு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கங்களுள் ஒன்று. அதனால்தான் இதற்குக் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. காலால் கியரை மாற்றினால் போதும். பெற்றோல் தாங்கியை ஆசனத்துக்குக் கீழே வைத்து முன்புறத்தைத் தாழ்வாக விட்டார்கள். பாவாடை அணிந்த பெண்ணும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரலாம். செயினையும் முழுதாக மூடினார்கள். 2017இல் இந்த வகையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. எங்களுடையது 72 சி.சி. கொண்ட சி-70.

2011இல் வாப்பா வபாத்தானார். உம்மா இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் வண்டியை யாரும் தொடவில்லை. அதன் பிறகும் அது படங்குக்குக் கீழேயே இரண்டு வருடம் கிடந்தது. பெரிய காக்கா பழைய இரும்புக்குக் கொடுத்து விடலாம் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. நானே திருத்தி ஓட்டுவதாகச் சொல்லிக் கராஜுக்குத் தள்ளப் போனேன். உம்மா வாசலிலேயே மறித்தா.

"அது இப்ப நம்ம எல்லாருடயும் சாமான். பங்கு பிரிக்காம ஒரு ஆணியும் கழட்டாத."

நான் வாயடைத்துப் போனேன். காணியையும் வீட்டையும் மட்டுமே நாம் சொத்து என்று எண்ணுகிறோம். மௌத்தானவரின் கைக்கடிகாரத்தையும் ஆயுதப் பெட்டியையும் மோட்டார் சைக்கிளையும் யாருடைய கை முந்துகிறதோ அவர் எடுத்துக் கொள்கிறார். ஆனால், ஜனாஸாச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மீதியிருக்கும் எல்லாமே வாரிசுகளின் உரிமை.

கராஜ்காரர் வண்டியை 40,000 ரூபாய்க்கு மதித்தார். வாப்பாவின் பெற்றோர் முன்னரே காலமாகி விட்டதால் வாரிசுகள் நால்வர்தான். பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, 5,000 ரூபாய். மீதி 35,000இல் காக்காமார் இருவருக்கும் 14,000 வீதம், எனக்கு 7,000. ஆகவே, வண்டி எனக்கு வேண்டுமானால் மற்ற மூவருக்கும் 33,000 ரூபாய் கொடுக்க வேண்டும்.

சின்னக் காக்கா தன் பங்கை மனமுவந்து எனக்கு விட்டுத் தந்தார். பெரிய காக்கா தன் பங்கைக் கேட்டு வாங்கினார். பழைய இரும்பு என்றவர் இப்போது காசு கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம். பிறகுதான் விளங்கியது: அவர் அப்போது கடனில் இருந்தார், கேட்டதும் அல்லாஹ் அவருக்கு விதித்த பங்கைத்தான். வெட்கத்துக்காக அவர் விட்டுத் தந்திருந்தால் அது மனமுவந்த விட்டுக்கொடுப்பாக இருந்திருக்காது.

உம்மா 5,000 ரூபாயையும் வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்து கொண்டா. அடுத்த வாரம் டயர் வாங்கச் சொல்லி அதையே என் கையில் தந்தா. "முதல்ல என்ட கைக்கு வரணும். பிறகுதான் நான் தரலாம்" என்றா.

பதிவை என் பெயருக்கு மாற்றிய பின்னரே திருத்த வேலை தொடங்கியது. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. கராஜ்காரர் அவசரப்பட்டு உதைக்கவில்லை. பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தினூடாகச் சிறிது ஒயிலை ஊற்றி, சில நாட்கள் ஊற விட்டார். தாங்கியில் நின்ற பழைய பெற்றோல் பிசினாகி, காபரேட்டரின் சின்னத் துவாரங்களை அடைத்திருந்தது. வயர்களும் கேபிள்களும் மாறின. ஆனால், எஞ்சினின் உள்பாகங்கள் அதிகம் தேயவில்லை. இந்த எஞ்சினில் ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒயில்தான் இருக்கிறது. எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் அதே ஒயில்தான். அதை நேரத்துக்கு மாற்றாவிட்டால் மூன்றும் கெடும். எங்கள் வண்டியைக் காப்பாற்றியது வாப்பாவின் சீ.ஆர். கொப்பிதான்.

அனுமதிப்பத்திரம் எடுத்து நானே ஓட்டத் தொடங்கினேன். செயின் மூடியிருந்தாலும் பின்சில்லின் கம்பிகள் திறந்தே இருக்கும். அபாயா சிக்கினால் உயிராபத்து. எனவே, முதலில் சாரி காட் பூட்டினேன். சகோதரிகள் பின்னால் அமர்ந்து போனாலும் அபாயாவையும் ஷோலையும் ஒதுக்கிச் செருகிக் கொள்ளாமல் ஏறக் கூடாது.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். பெரிய வாகனங்கள் முடங்கி நின்ற அந்த நாட்களில் உம்மாவின் கிளினிக்குக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் இந்தக் கிழட்டு வண்டிதான் ஓடியது. பெரிய காக்காவின் மகளுக்கு ஓ.எல். பரீட்சை பிந்தி நடந்தபோது, அதே வண்டிதான் அவளையும் ஏற்றிப் போனது. பரீட்சை முடிந்த நாள் காக்கா வந்து வண்டியின் ஆசனத்தைத் தடவிக் கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. எங்கள் இருவரின் மனதிலும் அந்த 14,000 ரூபாய் இருக்கவில்லை. அது அன்றே கொடுத்துத் தீர்த்த கணக்கு.

இப்போது கொப்பியில் வாப்பாவின் எழுத்துக்குக் கீழே என் எழுத்துத் தொடர்கிறது. உங்கள் வீட்டிலும் மௌத்தானவரின் தையல் மெஷினோ, சைக்கிளோ, வானொலியோ ஒரு மூலையில் கிடக்கலாம். அதை எறியவும் வேண்டாம், சொல்லாமல் எடுக்கவும் வேண்டாம். உரியவர்களைக் கூட்டிப் பேசுங்கள். பங்கைத் தீருங்கள். பிறகு ஒயில் விடுங்கள்.