ஓர் ஆக்சிஜன் அணுவும் அதைக் கழற்றும் நொதியும்

நம் ரத்தத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்றொரு புரதம் ஓடுகிறது. கல்லீரலில் உருவாகி, நுரையீரலின் காற்றறைகளுக்குக் காவல் நிற்பது அது. 394 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலியில், 358-வது இடத்தில் இருக்கும் மெத்தியோனினில் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டினாலே காவல் தளர்ந்துவிடும். வெள்ளணுக்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் நொதி காற்றறைச் சுவர்களை அரிக்கத் தொடங்கும். சிகரெட் புகை நுரையீரலைக் கெடுக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஆக்சிஜன் பகையாவது ஏன்?

மைட்டோகாண்ட்ரியா உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் பொருட்களும் கொஞ்சம் உண்டாகின்றன. புகை, புற ஊதாக் கதிர், நோய்த்தொற்று ஆகியவை அவற்றைப் பெருக்குகின்றன. செல்லால் சமாளிக்க முடியாத அளவுக்கு அவை பெருகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அப்போது எளிதில் அடிபடுவது, கந்தகம் கொண்ட மெத்தியோனின்.

பழுது நீங்குவது எப்படி?

கெட்ட புரதத்தை உடைத்துப் புதிதாகக் கட்டினால் செல்லுக்குச் செலவு அதிகம். ஒட்டிய அணுவைக் கழற்றிவிட்டால் பழைய புரதமே வேலைக்குத் திரும்பும். அதைச் செய்பவை மெத்தியோனின் சல்ஃபாக்சைடு ரிடக்டேஸ் நொதிகள். அணு இரண்டு விதமாக ஒட்டலாம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். வலது கால் செருப்பு இடது காலுக்குச் சேராது அல்லவா? அதனால் ஒரு விதத்துக்கு ஏ வகை நொதி, மற்றதற்கு பி வகை. மனிதரிடம் உள்ள பி வகை நொதிகளில் ஒன்றுக்குச் செலினியம் தேவை.

அணுவைக் கழற்றும் நொதி தானும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. தயோரெடாக்சின் என்ற சிறு புரதம் எலக்ட்ரான் கொடுத்து அதை மீட்கிறது. அந்த எலக்ட்ரான்களில் பெரும்பகுதி, நாம் உண்ணும் சோற்றிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸிலிருந்து வருகிறது.

சான்று என்ன?

ஏ வகை நொதி நீக்கப்பட்ட எலிகள், முழு ஆக்சிஜனில் வைக்கப்பட்டபோது மற்ற எலிகளைவிட விரைவில் இறந்ததை 2001-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2002-ல், பழ ஈக்களின் நரம்பு மண்டலத்தில் அதே நொதியை மிகுதியாக உருவாக்கினார்கள். அந்த ஈக்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தூண்டும் பாராகுவாட் களைக்கொல்லியைக் கூடுதலாகத் தாங்கின, ஆயுளும் நீண்டது.

ஆனால் இந்த நொதிகள் பெரும்பாலும் செல்லுக்குள்தான் வேலை செய்கின்றன. செல்லுக்கு வெளியே, காற்றறைகளில் காவல் நிற்கும் புரதம் புகையில் கெட்டால், அவற்றின் உதவி எளிதில் எட்டாது. அரித்துப்போன காற்றறைச் சுவரும் மீண்டும் வளராது. புகைப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள்.