நூறு ரூபாய்த் தாளில் ஒரு நாடு: மொரீசியஸ் அறிமுகம்

உங்களில் சிலருக்கு இது விடிகாலை, சிலருக்கு நள்ளிரவு. அப்படியும் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

இலக்கிய அமர்வில் புவியியல் பாடம் எதற்கு என்று அறிவிப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மொரீசியஸிலிருந்து எழுதவந்த ஆனந்த தேவியையோ, அந்தத் தீவில் வேர்விட்ட குடும்பத்தில் பிறந்து 2008இல் நோபல் பரிசு பெற்ற லெ க்ளேசியோவையோ படிக்கும்போது நமக்குச் சிக்கல் மொழியில் வருவதில்லை. இந்திய முகமும் பிரெஞ்சுப் பேச்சும் ஆங்கிலச் சட்டமும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்தன என்பது தெரியாததால்தான் பல பக்கங்கள் நமக்குப் பிடிபடாமல் போகின்றன. அதனால் இன்று எந்த நாவலுக்குள்ளும் போகாமல் அந்த நாட்டை மட்டும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்த நாட்டின் நூறு ரூபாய்த் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் 'நூறு ரூபாய்' என்று தமிழில் அச்சிட்டிருக்கிறது. நம்மில் பலருக்கே வாசிக்கத் தெரியாத பழைய தமிழ் எண்களும் இருக்கின்றன. படத்தில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். தமிழர், வழக்கறிஞர், அரசியல் தலைவர். சுதந்திரத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1958இல் காலமானார். அவர் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் படித்தால் 'ரெங்கனாடென் சீனிவாசென்' என்று வரும். மற்றத் தாள்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 25 ரூபாயில் ஒரு சீனர், 50இல் பிரெஞ்சு வம்சாவளியினர், 200இல் ஒரு முஸ்லிம் தலைவர், 500இல் பிசுன்தயால், 1000இல் கிரியோல் மக்களின் தலைவரான கயேத்தான் துவால், 2000இல் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். ஒரு நாட்டின் மக்கள்தொகைக் கணக்கு பணப்பைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நிலம். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில், எரிமலையிலிருந்து எழுந்த தீவு. பரப்பு 1,865 சதுர கி.மீ. வடமுனையிலிருந்து தென்முனைக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிழக்கே 560 கி.மீ. தள்ளி ரொட்ரீக்ஸ் என்ற சிறு தீவும் இதே நாட்டைச் சேர்ந்தது. 2002 முதல் அதற்குத் தனி வட்டார அவை உண்டு. எல்லாத் தீவுகளையும் சேர்த்தால் மக்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர்.

நடுவில் மேட்டுநிலம், சுற்றிலும் பல்லைப்போல் துருத்திக்கொண்டிருக்கும் மலைகள், கரையைச் சுற்றிப் பவளப்பாறை, அதற்குள் அலையில்லாத ஆழமற்ற கடல். உல்லாசப் பயண விளம்பரங்களில் நாம் பார்ப்பது அந்தக் கடல்தான். மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர். ஆனால் எல்லோர் கண்ணையும் இழுப்பது அதைவிடச் சற்றே குட்டையான பீத்தெர் போத் மலை. உச்சியில் ஒரு பாறை, கழுத்தின்மேல் தலையை வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். தென்கிழக்குக் காற்று மேட்டில் மோதி மழையைக் கொட்டிவிடுவதால் குரேபிப் நகரில் குடையில்லாமல் நடக்க முடியாது. மலைக்கு மறுபுறம் இருக்கும் தலைநகர் போர்ட் லூயிஸ் அதே நேரம் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். புயல்கள் வேறு. 1960இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்த மாதங்களில் வந்த இரண்டு புயல்கள் ஆயிரக்கணக்கான வீடுகளைப் பெயர்த்துப் போட்டன. இன்று ஊர்தோறும் தட்டைக் கூரையோடு காங்கிரீட் வீடுகளாக இருப்பதற்கு அந்த ஆண்டு முக்கியமான காரணம்.

எனக்கு மறக்காத காட்சி கடற்கரை அல்ல. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஆங்காங்கே கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் கருங்கற்கள். எரிமலை மண்ணில் கல்தான் முதல் விளைச்சல். அதைப் பொறுக்கி ஒதுக்கினால்தான் கரும்பு நட முடியும். பொறுக்கியவை மனிதக் கைகள். யாருடைய கைகள் என்பதுதான் அடுத்த கதை.

இந்தத் தீவுக்குப் பூர்வகுடிகள் கிடையாது. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து தங்கள் இளவரசர் மொரீஸின் பெயரை வைத்தார்கள். கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். டோடோ பறவை அழிந்துபோனதும் அவர்கள் காலத்தில்தான். 1710இல் கைவிட்டுப் போய்விட்டார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1735இல் வந்த ஆளுநர் லபூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகராகக் கட்டினார். கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தமிழர்களுக்கு அந்தத் தீவோடு உள்ள உறவு தோட்டத்தில் அல்ல, நகரத்துக் கட்டடங்களில் தொடங்குகிறது. தலைநகரில் 'மலபார் முகாம்' என்றே ஒரு குடியிருப்பு இருந்தது. தமிழரை மலபார்கள் என்று அழைத்த காலம் அது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு, இந்தியாவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1810இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் பிரெஞ்சு மொழியையும் சட்டத்தையும் மதத்தையும் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் சிவில் சட்டத்துக்குப் பிரெஞ்சு மூலம், நீதிமன்ற நடைமுறைக்கு ஆங்கில மூலம். இறுதி மேல்முறையீடு இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. பாராளுமன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சில் பேசலாம். நாளிதழ்கள் பிரெஞ்சில். வீட்டிலும் சந்தையிலும் எல்லோரும் பேசுவது கிரியோல்.

1835இல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் பரிசோதனை தொடங்கிவிட்டது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானோர் கல்கத்தா வழியாக வந்த பீகார்ப் பகுதி மக்கள். சென்னை வழியாகத் தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியாக மராட்டியரும் வந்தார்கள். 1861ஆம் ஆண்டிலேயே தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்தியர். அவர்கள் ஏறிவந்த கற்படிகள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இன்றும் இருக்கின்றன. ஆப்பிரவாசி காட் என்ற அந்த இடத்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. 2008இல் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டையும் ஒரே பயணத்தில் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் இந்தியப் பயணிகள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தக் குடிவரவுப் பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஊர், சாதி, வயது, உடலில் உள்ள அடையாளம். 1860களுக்குப் பிறகு வந்தவர்களுக்குப் பலமுறை புகைப்படமும் உண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் குடும்பப் பெயராக நிலைத்தது. வைத்திலிங்கம், ஆறுமுகம், வீராப்பிள்ளை எல்லாம் புது எழுத்துக்கூட்டலில் இன்று தொலைபேசிக் கையேட்டில் வாழ்கின்றன.

பேச்சு போய்விட்டது. மொரீசியஸ் தமிழர் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. பள்ளியில் 'மூதாதையர் மொழி'யாகப் படிக்கிறார்கள். ஆனால் சந்தைக்குப் போங்கள். கொத்தமல்லிக்கு அங்கே 'கோத்தோமிலி', கறிவேப்பிலைக்குக் 'காரிபுலே', முருங்கைக்கீரைக்குப் 'பிரேட் முரூம்', பீர்க்கங்காய்க்குப் 'பிப்பங்காய்', முறுக்குக்கு 'முல்கு', ரசத்துக்கு 'ரசோன்'. இவற்றைத் தமிழர் மட்டும் சொல்வதில்லை. சீனக் கடைக்காரரும் கத்தோலிக்கக் கிரியோல் பெண்ணும் இப்படித்தான் சொல்கிறார்கள், தமிழ்ச் சொல் என்று அறியாமலே. வாக்கியம் இறந்துபோன இடத்தில் பெயர்ச்சொல் பிழைத்துக்கொண்டது. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. விரதம் முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். அந்த ஏழு கறிச் சாப்பாடு எல்லாச் சமூகத்தாருக்கும் பிடித்த விருந்தாகிவிட்டது.

என்னை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநரிடம், நீங்கள் இந்துவா என்று கேட்டேன். 'இல்லை, நான் தமிழ்' என்றார் கிரியோலில். முதலில் விளங்கவில்லை. அங்கே 'இந்து' என்றால் நடைமுறையில் போஜ்புரி, இந்திப் பின்னணி கொண்டவர். 'தமிழ்' என்பது மொழியின் பெயர் மட்டுமல்ல, மதத்தின் பெயரும்கூட. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்குத் 'தமிழ்' என்று பதில் எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பேசத் தெரியாத மொழியை மதமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நம் பிள்ளைகள் ஒஸ்லோவிலும் டொரொண்டோவிலும் எதை வைத்துத் தங்களைத் தமிழர் என்று சொல்லப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1998 நவம்பரில் புதிய வரிசை ரூபாய்த் தாள்கள் வந்தபோது, அதுவரை முன்னால் இருந்த தமிழ் வரி இந்திக்குக் கீழே போயிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரெஞ்சுக் காலத்திலேயே முதலில் வந்தவர்கள் நாங்கள், வரிசையில் எங்கள் இடத்தை மாற்றாதீர்கள் என்பது அவர்கள் வாதம். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, தமிழை மீண்டும் மேலே வைத்து அடுத்த ஆண்டே புதிதாக அச்சிட்டது. வெளியாருக்கு இது அற்பமாகத் தெரியலாம். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்துக்கு அந்த ஒரு வரிதான் அரசு தந்த ரசீது.

இப்போது அரசாங்கம். 1968 மார்ச் 12 சுதந்திரம், 1992இல் அதே தேதியில் குடியரசு. முந்தைய ஆண்டுத் தேர்தலில் சுதந்திரத்தை எதிர்த்த கட்சிக்கு 44 விழுக்காடு வாக்கு விழுந்திருந்தது. இந்துப் பெரும்பான்மை ஆட்சிக்குச் சிறுபான்மையினர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் அரசியல் சட்டத்தில் 'சிறந்த தோல்வியாளர்' முறை வந்தது. 21 தொகுதிகளிலிருந்து 62 பேர் தேர்வாவார்கள்; பிரதான தீவில் ஒரு தொகுதிக்கு மூவர், வாக்காளர் மூன்று பேருக்கும் வாக்களித்தே ஆக வேண்டும். அதற்குமேல், தோற்றவர்களில் நன்றாக வாக்குப் பெற்ற எட்டுப் பேர்வரை, எந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம் குறைந்திருக்கிறதோ அதைப் பார்த்து உள்ளே எடுப்பார்கள். நல்ல ஏற்பாடு மாதிரித்தான் தெரிகிறது.

ஆனால் எடுப்பதற்கு முன் எண்ண வேண்டுமே. சட்டம் நான்கு சமூகங்களைச் சொல்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், இவை மூன்றிலும் 'வாழ்க்கைமுறையால்' சேராதவர்கள் எல்லோரும் 'பொதுமக்கள்'. தமிழரை எண்ணுவது இந்துக் கணக்கில். என் ஓட்டுநர் வேட்பாளராக நின்றால் இந்து என்று எழுத வேண்டியிருக்கும். ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோலும், அவர்களின் முன்னோரை அடிமையாக வைத்திருந்த பிரெஞ்சு வம்சாவளியினரும் ஒரே பெட்டியில். இன்னொன்று: சமூகவாரியாகக் கடைசியாகக் கணக்கெடுத்தது 1972இல். அந்தப் பழைய எண்களை வைத்துத்தான் இன்றும் பங்கு போடுகிறார்கள். சமூகத்தை அறிவிக்க மறுத்த வேட்பாளர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின; அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனார்கள். 2012இல் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நிரந்தரத் தீர்வு வரவில்லை. எடுத்துவிட்டால் சிறுபான்மைக்கு இடமிருக்காது, வைத்திருந்தால் மனிதர் பெட்டிக்குள்ளேயே இருப்பார். இரண்டு பக்கத்து வாதத்திலும் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

ஆட்சி மாற்றம் அங்கே வெள்ளம்போல் வரும். 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பிரதான தீவின் 60 இடங்களையும் ஒரே அணி அள்ளியது. ஆனால் ஆட்கள் மாறுவதில்லை: இதுவரை பிரதமரானவர்கள் ஐந்தே பேர், அதில் நால்வர் ராம்கூலம், ஜக்நாத் என்ற இரண்டு குடும்பத்தினர். ராணுவம் கிடையாது. மேல்நிலைப் பள்ளிக் கல்வி 1977 முதல் இலவசம். 1960களின் தொடக்கத்தில் ஆய்வுக்கு வந்த பொருளியலாளர் ஜேம்ஸ் மீட், சர்க்கரையை மட்டும் நம்பி மக்கள் பெருகும் இந்தத் தீவு தேறாது என்றே அஞ்சினார். ஆயத்த ஆடை, சுற்றுலா, வங்கித்தொழில் என்று அது தேறிவிட்டது. எல்லோரும் சமமாகத் தேறவில்லை. 1999 பிப்ரவரியில் காயா என்ற கிரியோல் பாடகர் காவலில் இறந்தபோது வெடித்த கலவரம் சில நாட்கள் நாட்டையே நிறுத்திவைத்தது. ஏழ்மையில் விடப்பட்டவர்கள் யார் என்பது அப்போது தெரிந்தது.

கடைசியாகச் சாகோஸ். சுதந்திரம் கொடுப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1965இல், பிரிட்டன் இந்தத் தீவுக்கூட்டத்தை மொரீசியஸிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டது. தியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக, அங்கே தலைமுறைகளாகத் தென்னந்தோப்புகளில் உழைத்துவந்த மக்களை 1973க்குள் முழுவதுமாக வெளியேற்றினார்கள். பலர் போர்ட் லூயிஸின் ஏழைக் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தார்கள். 2019இல் சர்வதேச நீதிமன்றம், அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. 2025 மே 22இல் தீவுகளை மொரீசியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. அதன்படி தளம் 99 ஆண்டுக் குத்தகையில் தொடரும். மற்றத் தீவுகளில் குடியேற்றத்துக்கு வழியிருக்கிறது. தியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்குத் தங்கள் ஊருக்கே திரும்பிப்போய் வாழ வழியில்லை. இரண்டு அரசுகளும் பேசிய மேசையில் எங்களுக்கு நாற்காலி போடவில்லை என்று சாகோஸ் மக்கள் பலர் சொல்கிறார்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளை அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.