திரையில் ஒரு கோல்ஃப் மைதானம்: தோல்வியும் தேறிவரும் உடலும்

நம் கடையநல்லூரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கொடைக்கானலில் உண்டு, உதகமண்டலத்தில் உண்டு, சென்னையிலும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் அந்த மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருப்போரிடமும், காலில் மாவுக்கட்டோடு வாரக்கணக்கில் கட்டிலில் கிடக்கும் இளைஞரிடமும் 'பார்', 'பேர்டி', 'போகி' என்னும் சொற்களை நாங்கள் கேட்டு வருகிறோம். எல்லாம் கைப்பேசி கற்றுக்கொடுத்தவை. ஓடத் தேவையில்லை, படுத்தபடியே ஆடலாம், ஒரு விரல் போதும் என்பதால் நோயாளிகளுக்கு இந்த இணைய கோல்ஃப் விளையாட்டு இயல்பாகவே பிடித்துவிடுகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனோடு, மருமகனோடு, ஒரே ஆட்டத்தில் சேர்ந்துகொள்ள முடிகிறது என்பது இன்னொரு காரணம்.

இதனை நாங்கள் குறைசொல்ல முற்படவில்லை. நீண்ட ஓய்வில் மனத்தை ஈடுபடுத்த ஒரு வேலை வேண்டும். இதுவும் ஒரு வேலைதான். ஆனால் சாதாரண ஆட்டத்தில் மகிழ்ந்திருந்தவர் போட்டித்தொடரில் நுழைந்ததும் மாறிவிடுகிறார் என்று குடும்பத்தினர் எங்களிடம் கூறுகின்றனர். நூறு பேர் கொண்ட பட்டியலில் தம் பெயர் எழுபதாம் இடத்திற்கு இறங்கியதைக் கண்டு உணவை ஒதுக்குகிறார், பேசினால் சீறுகிறார், "இதுகூட என்னால் முடியவில்லை" என்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாங்கள் கவனிக்கிறோம். அதில் உள்ள 'இதுகூட' என்னும் சொல் விளையாட்டைப் பற்றியது அன்று. படியேற முடியவில்லை, கடைக்குப் போக முடியவில்லை, கடைசியில் இதுகூட முடியவில்லை என்று தம் நலிவின் கணக்கை அவர் அந்தப் பட்டியலில் எழுதிப் பார்க்கிறார்.

கைப்பேசிக் கணக்கு நோயின் கணக்காகாது. எனினும் இரண்டுக்கும் இடையே ஓர் உண்மையான தொடர்பு உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. இத்தகைய ஆட்டங்கள் பலவற்றில், பந்தை விரலால் பின்னிழுத்து இலக்கை நோக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு முள் வில்போன்ற கோட்டில் அங்குமிங்கும் ஆடும். அது நடுவே வரும் கணத்தில் விரலை விட வேண்டும். காற்றின் திசையையும் வேகத்தையும் ஓர் அம்புக்குறி காட்டும். அதற்கேற்ப இலக்கைத் தள்ளி வைக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்றில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இந்த ஆட்டத்திற்கு வேண்டியவை மூன்று: நடுங்காத விரல், நொடியின் சிறு பகுதியைப் பிடிக்கும் கவனம், தவறிய அடியை மறந்து அடுத்ததற்குச் செல்லும் பொறுமை. நோயும் மருந்தும் முதலில் தொட்டுப் பார்ப்பதும் இந்த மூன்றைத்தான்.

நீரிழிவு உள்ளவரை எடுத்துக்கொள்வோம். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாத கோபம் வரும், கவனம் சிதறும். இன்சுலின் போட்டுக்கொண்டு, 'இந்தச் சுற்று முடியட்டும்' என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுபவருக்கு இது எளிதில் நேரும். அவர் ஆட்டத்தின்மீது கோபம் கொண்டதாக வீட்டார் நினைப்பர். உண்மையில் அவருக்கு உடனே வேண்டியது 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, நீரில் கலந்து. பதினைந்து நிமிடம் கழித்து மறு சோதனை. ஆகவே நீரிழிவு நோயாளி ஆட்டத்தின் நடுவே திடீரென எரிந்து விழுந்தால், அறிவுரைக்கு முன் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தூக்கத்தைக் குறைத்து எரிச்சலைக் கூட்டவல்லவை. ஒவ்வாமைக்கும் சளிக்கும் தரப்படும் சில மாத்திரைகளும், வலுவான வலி மருந்துகளும் மந்தத்தைத் தருபவை. முள் நடுவே வந்ததைக் கண் கண்டாலும் விரல் ஒரு கணம் தாமதிக்கும். இரத்தசோகை உள்ளவருக்கு நான்காம் குழியிலேயே களைப்பு வந்துவிடும். பக்கவாதத்திலிருந்து தேறுபவருக்கு வரும் சோர்வு வெளியே தெரியாதது. நன்றாகப் பேசுவார், சிரிப்பார், ஆனால் இருபது நிமிடக் கூர்ந்த கவனம் அவரை முற்றிலும் தளர்த்திவிடும். இவையெல்லாம் திறமையின்மை அல்ல. மருந்து மாறினால், இரும்புச்சத்து ஏறினால், காலம் சென்றால் இவற்றில் பல மாறக்கூடியவை. ஆயினும் எந்த மருந்தையும் ஆட்டத்திற்காக நீங்களே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

இடையே ஒரு வேடிக்கையான செய்தி. இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் தரப்படும் அட்டெனொலால், மெட்டோப்ரொலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் கை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைப்பதால், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை கோல்ஃப் போட்டிகளில் அவற்றைத் தடை செய்துள்ளது. நம் இதய நோயாளிகளில் பலர், உண்மையான கோல்ஃப் போட்டிக்குப் போனால் மருத்துவ விலக்குச் சான்றிதழோடு போக வேண்டியிருக்கும்!

இனி ஆட்டத்தின் இயல்புக்கு வருவோம். மைதானத்தில் ஆடும் தொழில்முறை வீரர்களின் கணக்குகளைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி விரிவாக ஆராய்ந்தார். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் ஆடும் தேர்ந்தவர்கள்கூட, குழிக்கு எட்டடித் தொலைவில் இருந்து உருட்டும் பந்துகளில் ஏறத்தாழப் பாதியைத்தான் ஒரே அடியில் உள்ளே சேர்க்கின்றனர். எட்டடி என்பது ஒரு கட்டிலின் நீளத்தைவிடச் சற்றே கூடுதல். வாழ்நாளையே அதற்குச் செலவிட்டவர்களுக்கு அவ்வளவுதான் கைகூடுகிறது. தவறுவது இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது; தவறாமல் ஆடியவர் என்று எவரும் இல்லை. கைப்பேசி வடிவம் சற்று எளியது என்றாலும், அடியின் பாதியைக் காற்றுக்கும் மேட்டுக்கும் விட்டுக்கொடுக்கும் குணம் அதிலும் இருக்கிறது.

கோல்ஃபில் எங்களை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகள் போதும் என்று வகுத்த எண்ணே 'பார்'. பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72. ஆனால் எல்லோரும் 72-ஐ எட்ட வேண்டும் என்று அந்த ஆட்டம் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் அண்மைக்கால ஆட்டத்தை வைத்து 'ஹேண்டிகேப்' என்னும் சலுகை எண் கணக்கிடப்படுகிறது. பதினெட்டு சலுகை பெற்றவர் 90 அடியில் முடித்தால், அது 72 ஆகவே கொள்ளப்படும். வல்லவரும் எளியவரும் ஒரே மைதானத்தில் ஒருவரையொருவர் நேர்மையாக எதிர்கொள்ள இது வழி செய்கிறது. நாடுகளுக்கு நாடு வேறுபட்டிருந்த கணக்குமுறைகள் 2020-இல் உலகப் பொதுமுறையாக இணைக்கப்பட்டன. ஆட்டம் மோசமானால் சலுகை எண் கூடும், தேறினால் குறையும். அதில் வெட்கம் எதுவும் இல்லை. எண்ணைக் குறைத்துச் சொல்லிக்கொள்வதுதான் அசட்டுத்தனம்.

கைப்பேசிப் போட்டிகள் பலவற்றில் இந்தச் சலுகையைக் காணோம். அங்கே பட்டியல் ஒன்றே. உங்களுக்கு மேலே இருப்பவர் நலமாக உள்ளவரா, எத்தனை ஆண்டுகளாக ஆடுபவர், அவருடைய மட்டைகள் எந்த நிலைக்கு உயர்த்தப்பட்டவை என்பது எதுவும் பட்டியலில் தெரியாது. பல ஆட்டங்களில் மட்டையின் ஆற்றலே நாள்பட ஆடியும் பணம் செலுத்தியும் கூட்டிக்கொள்வதாக இருக்கிறது. ஆகவே அந்தப் பட்டியல் சொல்லாத சலுகை எண்ணை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கடந்த பத்துச் சுற்றுகளின் அடிக்கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றின் சராசரியே இந்த மாதத்திற்கு உங்களுடைய 'பார்'. நோய்க்கு முந்தைய எண்ணைத் தயவுசெய்து அருகில் எழுதாதீர்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரத்து உடலை, அதற்கு முந்தைய ஆண்டின் உடலோடு ஓட்டப்பந்தயம் விடுவதில் பொருளில்லை.

2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் ஆடியதைப் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்தில் இருந்த அவர் மூன்று நாள்கள் பதக்க இடத்தில் நின்றார். தம் அன்னையே அவருக்கு மட்டை சுமந்து உடன் நடந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் கொரோனா தொற்றிலிருந்து அவர் மீண்டிருந்தார். அதன்பின் தம் அடியின் தொலைவு குறைந்துவிட்டதாக அவரே கூறினார். தொலைவில் பலரைவிடப் பின்தங்கிய அவர், குழிக்கருகில் பந்தை உருட்டும் திறத்தால் ஈடுசெய்தார். இறுதியில் நான்காம் இடம். ஓரடியில் பதக்க வாய்ப்பு கைநழுவியது. போன வலிமை திரும்பும்வரை காத்திராமல், இருந்ததை வைத்து ஆட்டத்தை அமைத்துக்கொண்டதே இங்கு எங்கள் கண்ணில் படுவது.

கோபத்தைப் பற்றிப் பேசினால் பாபி ஜோன்ஸை விட முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தவர். இளமையில் மட்டையை வீசியெறிவதற்குப் பேர்போனவர். 1921-இல், பத்தொன்பது வயதில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் நடந்த ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கே 46 அடிகள் ஆயின. பதினோராம் குழியில் பந்து மணற்குழிக்குள் சிக்கியது. சில முறை முயன்று, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஊரார் அதனை மறக்கவில்லை; அவரும் மறக்கவில்லை. 1927-இல் அதே மைதானத்தில் அதே போட்டியை வென்றார். 1930-இல் அவ்வாண்டின் நான்கு பெரும் போட்டிகளையும் வென்று, இருபத்தெட்டாம் வயதில் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அவருடைய கதை அங்கே முடிந்திருந்தால் இந்த இதழில் அதற்கு இடமில்லை. நாற்பதுகளின் இறுதியில் கை கால்களில் வலியும் உணர்விழப்பும் தோன்றின. தண்டுவடத்தின் உள்ளே நீர் நிறைந்த குழிவு உருவாகும் சிரிங்கோமயீலியா என்னும் நோய் அது. 1948-க்குப் பின் அவரால் கோல்ஃப் ஆட இயலவில்லை. கைத்தடி, பிறகு ஊன்றுகோல்கள், பிறகு சக்கர நாற்காலி. 1958-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியபோது, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கோபத்தோடு வெளியேறிய அதே ஊரில், நடக்கவே துன்புற்ற நிலையில் எழுந்து நின்று பேசினார். 1971-இல் மறைந்தார். மணற்குழியில் தோற்ற இளைஞரும் பின்னாளில் ஊன்றுகோலோடு நின்றவரும் ஒருவரே என்பதை நோயாளிகளிடம் சொல்லும்போது, அவர்கள் இரண்டாமவரைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்கின்றனர்.

நடைமுறைக்கு வருவோம். போட்டிச் சுற்றை மாத்திரையும் உணவும் முடிந்து, உடல் தெளிவாக உள்ள வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது காலை பத்து மணியை ஒட்டியது. அடுத்தடுத்து இரண்டு குழிகள் கெட்டால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் வரை நடந்து வாருங்கள்; நடக்க இயலாதவர் நிதானமாகப் பத்து மூச்சு இழுத்து விடலாம். தோற்றவுடன் 'இன்னும் ஒன்று' என்று தொடங்குவதே பெரும்பாலான துன்பத்தின் வாயில். சுற்று முடியும் கெடு நள்ளிரவில் இருந்தால், அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். புண் ஆறுவதற்கு உறக்கம் தேவை. பட்டியலுக்கு நீங்கள் தேவையில்லை. கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டிருந்தால் அந்தக் கையால் ஆட வேண்டாம். கழுத்து எலும்பு நோய் உள்ளவர்கள் தலையணைமேல் கைப்பேசியை உயர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். "வெறும் விளையாட்டுதானே, இதற்கா இவ்வளவு?" என்று கேட்காதீர்கள். அவருக்கு இப்போது எஞ்சியிருக்கும் ஒரே போட்டி அதுவாக இருக்கலாம். கைப்பேசியைப் பிடுங்குவதும் வேண்டாம். "எந்தக் குழி கெட்டது? காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். அடியைப் பற்றிப் பேசத் தொடங்குபவர், சிறிது நேரத்தில் வலியைப் பற்றியும் வீட்டுச் செலவைப் பற்றியும் பேசிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் போட்டிக்கு வெளியே, பட்டியல் இல்லாத நட்பு ஆட்டத்தில் தந்தையோடு ஆடினால் மேலும் நல்லது. வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்க வேண்டாம், அவர் கண்டுகொள்வார்.

பணம் பற்றி ஒரு சொல். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டு மத்திய அரசின் சட்டம் தடை செய்துள்ளது. அத்தகைய அழைப்பு எந்த வடிவில் வந்தாலும் தொடாதீர்கள். மட்டையை உயர்த்தவும் பெட்டியைத் திறக்கவும் கேட்கப்படும் சிறு தொகைகள் வேறு வகை; ஆனால் சிகிச்சைக் காலத்தில் அவையும் மருந்துச் செலவோடு போட்டியிடும். வங்கிக் கணக்கை அந்தச் செயலியோடு இணைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் பேச்சு ஆகியவை தொடர்ந்தால், காரணம் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாமல் அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயோடு சேர்ந்து வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. ஆட்டத்தை நிறுத்த முயன்றும் முடியாமல், உணவும் உறவும் மாதக்கணக்கில் கெடுமானால் அதனையும் தயங்காமல் கூறுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் அதனை ஒரு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் ஒருமுறை வெளியிட்டாலும் பரிசோதனை நாளுக்குக் காத்திராமல், அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். நோயாளி மட்டுமின்றி, அவரைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன உடனிருப்பவரும் அதே எண்ணை அழைக்கலாம்.